பேஸ் கிட்டாரில் வேண்டாத சத்தம்: கையா, கிட்டாரா?

கீழ்ஸ்தாயி:

வணக்கம். நாலு கம்பி பேஸ், 34 இன்ச் ஸ்கேல், ஜாஸ் பேஸ் வகை, ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்துற பாகம்). கத்துக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. ஹெட்ஃபோன் ஆம்ப்லதான் வாசிக்கிறேன். சுரம் சரியா விழுது, ஆனா கூடவே வேற என்னென்னவோ கேட்குது. பிரிச்சுப் பார்த்தா நாலு வகை தெரியுது:

1. வாசிச்ச சுரத்தை நிறுத்தின பிறகும் அடியில ஏதோ "ஊம்ம்"னு ஓடிட்டே இருக்கு. எல்லா சுரத்துக்கும் இல்ல, சிலதுக்கு மட்டும்.

2. இடது கை விரலை எடுக்கும்போது சில நேரம் "ணங்". கை நகரும்போது "கீச்".

3. ஈ கம்பியில 1லிருந்து 4ஆவது ஃப்ரெட் (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டி) வரைக்கும் "கிர்ர்". பிக்கப் பக்கம் போகப் போக இல்ல.

4. எதையும் தொடாம சும்மா வச்சிருந்தாலும் பின்னணியில ஒரு இரைச்சல். கம்பியில கை வச்சா குறையுது.

கிட்டாரோட வந்த 45-105 செட்டை (மெல்லிசான கம்பி, தடிமனான கம்பி ரெண்டோட தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல) கழட்டிட்டு, விரலுக்கு லேசா இருக்கட்டும்னு 40-100 ரவுண்ட்வவுண்ட் போட்டிருக்கேன். மூணாவது பிரச்சினை அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ஒரு வீடியோல "கிர்ர்னு வந்தா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புத் தண்டு) டைட் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. பண்ணலாமா? இதுல எது என் கை, எது கிட்டார்?

கட்டைவிரல்:

ட்ரஸ் ராடை இப்போதைக்குத் தொடாதீங்க. முதல்ல சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு முடிவாகட்டும்.

நாலாப் பிரிச்சு எழுதினதே பாதி வேலையை முடிச்சிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு கேள்வி சேர்த்துக்குங்க: அது எப்போ வருது? கம்பியை மீட்டுற அந்த நொடியில மட்டும் "டக்"னு வந்தா வலது கை. சுரம் ஒலிக்கிற நேரம் முழுக்கக் கூடவே ஓடினா ஃப்ரெட், நட் (நெக்கோட தலைப்பக்கம் கம்பிங்க உட்கார்ற, பள்ளம் வெட்டின துண்டு), இல்லேன்னா எங்கேயோ தளர்ந்த பாகம். சுரம் முடியுற இடத்துல வந்தா இடது கை. முடிஞ்ச பிறகும் தொடர்ந்தா நீங்க வாசிக்காத ஏதோ ஒரு கம்பி. வாசிப்புக்குச் சம்பந்தமே இல்லாம எப்பவும் இருந்தா மின்சாரம். உங்க 1, 2 ரெண்டும் கைதான்னு எழுதினதை வச்சே சொல்லிரலாம். 3 கிட்டாராத்தான் இருக்கும். 4 வயரிங், பிக்கப் சமாச்சாரம்.

சந்தேகம் இருந்தா சாக்ஸ் சோதனை பண்ணிப் பாருங்க. ஒரு பழைய சாக்ஸை முதல் ஃப்ரெட் இருக்கிற இடத்துல, கம்பிகளோட சேர்த்து நெக்கைச் சுத்திக் கட்டுங்க. கம்பி ஃப்ரெட்டுல போய் ஒட்டுற அளவுக்கு இறுக்க வேண்டாம். ஓப்பன் கம்பியை மீட்டினா "தப்"னு செத்த சத்தம் வந்தாப் போதும். இப்போ 3ஆவது ஃப்ரெட்லேர்ந்து எதை அழுத்தி வாசிச்சாலும் சுரம் வழக்கம்போலத்தான் வரும், ஏன்னா விரலுக்கும் பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் கம்பிங்களைத் தாங்குற பாகம்) நடுவுல இருக்கிற நீளம்தான் அதிருது. வாசிக்காத கம்பிங்க மட்டும் ஊமையாயிடும். சாக்ஸ் கட்டினதும் சத்தம் காணாமப் போனா, கிட்டார்ல குறை இல்ல, மியூட் பண்ற பழக்கம் இன்னும் வரலைன்னு அர்த்தம். சாக்ஸ் இருந்தும் சத்தம் அப்படியே இருந்தா ஸ்க்ரூட்ரைவரைத் தேடலாம்.

சில சுரத்துக்கு மட்டும் "ஊம்ம்" வர்றதுக்குக் காரணம் ஒத்ததிர்வு. ஓப்பன் கம்பிகளோட அதிர்வெண் ஈ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில 5ஆவது ஃப்ரெட்டை வாசிச்சா அதுவும் 55. பக்கத்துல சும்மா இருக்கிற ஏ கம்பி, யாரும் தொடாமலே அதிர ஆரம்பிச்சிரும். நீங்க ஈ கம்பியை நிறுத்தினாலும் ஏ நிக்காது. அதே மாதிரி ஏ கம்பி 5ஆவது ஃப்ரெட் டி-யை எழுப்பும், டி கம்பி 5 ஜி-யை எழுப்பும். ஈ கம்பி 3ஆவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ், அதோட ரெட்டிப்பு 98, அதனால ஜி கம்பி மெல்ல முனகும். தடிமனான கம்பிங்களும் தப்பிக்காது: டி கம்பி 2ஆவது ஃப்ரெட், ஏ கம்பி 7ஆவது ஃப்ரெட் ரெண்டும் 82.4. ஈ கம்பி ரெண்டு பாதியாப் பிரிஞ்சு அதிர்ந்தா வர்ற சுரம் அது.

உறுதிப்படுத்திக்கணுமா? ஈ கம்பி 5ஆவது ஃப்ரெட்டை வாசிச்சு நிறுத்துங்க, மத்த கம்பி எதையும் தொடாம. "ஊம்ம்" கேட்குதா? அது ஓடும்போதே ஏ கம்பியில மட்டும் விரல் வைங்க, நின்னுரும். இப்போ 6ஆவது ஃப்ரெட்டை அதே மாதிரி வாசிச்சு நிறுத்துங்க. கிட்டத்தட்ட அமைதியா இருக்கும். ஒரே கை, ஒரே கிட்டார், ஒரு ஃப்ரெட் தள்ளினா வித்தியாசம்.

இதைத் தீர்க்க ரெண்டு கையும் வேலையைப் பிரிச்சுக்கணும். நீங்க வாசிக்கிற கம்பியைவிடத் தடிமனான கம்பிங்க வலது கையோட பொறுப்பு. மெல்லிசான கம்பிங்க இடது கையோட பொறுப்பு.

வலது கை: கட்டைவிரலை பிக்கப் மேலயே நிரந்தரமா ஊன்றி வைக்கிற பழக்கம் இருந்தா இப்பவே மாத்துங்க. ஈ கம்பி வாசிக்கும்போது மட்டும் அது பிக்கப்ல இருக்கட்டும். ஏ-க்கு வந்தா கட்டைவிரல் ஈ மேல. டி-க்கு வந்தா ஏ மேல உட்கார்ந்து, பக்கவாட்டுல சாய்ஞ்சு ஈ-யையும் தொடணும். ஜி வாசிக்கும்போதும் கட்டைவிரல் அதே இடம், கூடவே மோதிர விரலை டி மேல படுக்க வைங்க. மீட்டுற விரல் கம்பியை மேல தூக்கி விடாம, ஊடே போய் அடுத்த தடிமனான கம்பியில உட்காரணும். உட்கார்ற விரலே அந்தக் கம்பிக்கு மியூட்டும் ஆகுது.

இடது கை: அழுத்துற விரலை நுனியில குத்தி நிறுத்தாம கொஞ்சம் படுக்க வைங்க, விரலோட அடிப்பக்கம் மெல்லிசான கம்பிங்களைத் தொட்டுட்டு இருக்கிற மாதிரி. அழுத்தக் கூடாது, தொட்டாப் போதும். இங்க ஒரு பொறி இருக்கு. ஒரே ஒரு விரல் மட்டும் கம்பியை லேசாத் தொட்டு, அந்த இடம் 5, 7, 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேரா அமைஞ்சா, கம்பி ஊமையாகாது, ஹார்மோனிக் கிளம்பும். உங்க "ணங்"ல பாதி இதுதான். ரெண்டு, மூணு விரல் சேர்ந்து தொட்டா அந்தச் சிக்கல் வராது.

மீதிப் பாதி "ணங்" விரலை எடுக்கிற விதத்துல இருக்கு. சுரத்தை முடிக்கும்போது விரலை வெடுக்குன்னு தூக்கினா, போற போக்குல அது கம்பியைச் சுண்டிட்டுப் போகும், ஓப்பன் கம்பி ஒலிக்கும். ரெண்டு படியா எடுங்க: முதல்ல அழுத்தத்தை மட்டும் விடுங்க, கம்பி ஃப்ரெட்டை விட்டு எழும்பும், விரல் இன்னும் கம்பி மேலதான் இருக்கும், சுரம் நிக்கும். அப்புறம் விரலை எடுங்க.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 60ல வச்சு, ஒரு தட்டுக்குச் சுரம், ஒரு தட்டுக்கு மௌனம். காதை மௌனத்துல வைங்க. ட்ரெபிளை ஏத்தியே வச்சுக்குங்க. ட்ரெபிளைக் குறைச்சா அழுக்கு மறையும், போகாது.

"கீச்" ரவுண்ட்வவுண்ட் கம்பியோட சுபாவம். சுத்தின வரிகள் மேல விரல் தோல் உரசுறதால வருது. அழுத்தத்தை முழுசா விட்டுட்டு நகர்ந்தா பெரும்பகுதி போயிரும். புதுக் கம்பின்னா கொஞ்சம் வாசிச்சுப் பழகப் பழகத் தானாக் குறையும்.

பஞ்சுமெத்தை:

இவ்வளவு எதுக்கு? பிரிட்ஜுக்கு முன்னாடி கம்பிங்களுக்கு அடியில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகுங்க, ஃப்ளாட்வவுண்ட் (வரி தெரியாம வழவழன்னு சுத்தின) கம்பி போடுங்க. ஊம்ம், ணங், கீச் மூணும் போச்சு. 1951ல வந்த ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ்லயே பிரிட்ஜ் மூடிக்குள்ள கம்பியை அமுக்குற துண்டு வச்சுத்தான் கொடுத்தாங்க.

கட்டைவிரல்:

@பஞ்சுமெத்தை, அந்த "தும் தும்" சத்தம் வேணும்னு வைக்கிறவங்களுக்கு ஸ்பாஞ்ச் அருமை. ஆனா கத்துக்கிற கட்டத்துல வச்சா, ரெண்டு கையும் என்ன தப்புப் பண்ணுதுன்னு கேட்கவே கேட்காது. ஸ்பாஞ்சை எடுக்கிற அன்னிக்கு எல்லாம் திரும்ப வரும். நீளமான சுரமும் சீக்கிரம் செத்துரும். கீச்சுக்கு ஃப்ளாட்வவுண்ட் சரி. ஆனா பொதுவா அதோட இழுவிசை அதிகம், போட்டா நெக் செட்டப்பையும் திரும்பப் பார்க்கணும்.

எட்டாம்ஃப்ரெட்:

மூன்றாவது பிரச்சினைக்கு மட்டும் வருகிறேன். அந்த வீடியோ சொன்னதை அப்படியே செய்திருந்தால் "கிர்ர்" கூடியிருக்கும்.

காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. 45-105க்குப் பதில் 40-100 போட்டதும் நெக் மீதான இழுவிசை குறைந்துவிட்டது. கம்பிகள் நெக்கை முன்பக்கம் இழுக்கின்றன, ட்ரஸ் ராட் அதை எதிர்த்துப் பின்பக்கம் இழுக்கிறது. கம்பியின் பங்கு குறைந்தால் ராடின் கை ஓங்கும், நெக் நிமிரும், சில சமயம் பின்னுக்கே வளையும். நெக்கில் சிறு குழிவு கட்டாயம் வேண்டும். இதைத்தான் ரிலீஃப் என்கிறோம். குழிவு இல்லாவிட்டால் கம்பி அதிர்வதற்கு இடமில்லாமல் முதல் சில ஃப்ரெட்டுகளில் உரசும். ராடை இன்னும் இறுக்குவது இருக்கிற குழிவையும் எடுத்துவிடும். உங்களுக்கு வேண்டியது தளர்த்துவது. ஆனால் அளக்காமல் எதையும் திருப்பாதீர்கள்.

உரசும் இடத்தை வைத்து ஊகிக்கும் முறை இது. 1 முதல் 5 வரை உரசினால் ரிலீஃப் போதவில்லை. 12க்கு அப்பால் மட்டும் உரசினால் பிரிட்ஜில் சாடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) தாழ்ந்திருக்கிறது, அல்லது நெக் உடலோடு சேரும் பகுதி மேடாக இருக்கிறது. எல்லா இடத்திலும் உரசினால் கம்பி மொத்தமாகவே தாழ்வு, அல்லது கை பலம் அதிகம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. ஓப்பன் கம்பியில் மட்டும், தம்பூராவில் ஜீவா நூல் போட்டதுபோல ரீங்கரித்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது அல்லது கம்பிக்கு அகலமாக இருக்கிறது. கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை) முதல் ஃப்ரெட்டில் மாட்டியதும் அந்த ரீங்காரம் போனால் நட்தான் என்று உறுதி.

சாக்ஸ் சோதனையில் ஒரு நுணுக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள துண்டும் அதிர்ந்து, பின்னால் இருக்கும் ஃப்ரெட்டுகளில் உரசக்கூடும். நெக் பின்னுக்கு வளைந்திருந்தால் இது சகஜம். சாக்ஸ் அந்தத் துண்டையும் அடக்கிவிடும். ஆகவே சாக்ஸோடு "கிர்ர்" போய்விட்டால் "கிட்டார் நன்றாக இருக்கிறது" என்று உடனே முடிவுக்கு வர வேண்டாம். ரிலீஃபை எப்படியும் அளந்துவிடுங்கள்.

அளக்கும் முறை: கம்பிகளைச் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கிட்டாரை மேஜையில் படுக்க வைக்காமல், வாசிக்கும் நிலையிலேயே மடியில் பிடியுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ. வலது கையால் ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது இரண்டு முனையும் ஃப்ரெட்டில் படிந்து, கம்பியே ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. 8ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம். 0.3ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாவிட்டால், அகூஸ்டிக் கிட்டாரின் 12 செட்டில் வரும் முதல் கம்பி 0.30 மி.மீ. தடிமன், அதில் ஒரு துண்டு போதும். அதுவும் இல்லையென்றால் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. மூன்று தாளை அடுக்கிச் செருகிப் பாருங்கள். கம்பியைத் தூக்காமல் நுழைய வேண்டும், அதே நேரம் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது.

ஒரு தாள்கூட நுழையவில்லை என்றால் ராடைத் தளர்த்துங்கள். ராடின் முனையை நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கால் சுற்று மட்டும். கிட்டாரோடு வந்த சாவியையே பயன்படுத்துங்கள். அளவு சற்றே சின்னதாக இருக்கும் ஆலன் கீ, ராடின் தலையை உருட்டிவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரிய செலவு. கால் சுற்றுக்குப் பின் சுருதி மாறியிருக்கும். திரும்பச் சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். மரம் உடனே முழுதாக நகராது, அடுத்த நாள் இன்னொரு முறை அளங்கள். மொத்தம் ஒரு சுற்று போயும் இடைவெளி மாறவில்லை, அல்லது திருப்பவே முடியாமல் முரண்டு பிடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு செட்டப் செய்பவரிடம் கொடுங்கள்.

ரிலீஃப் சரியான பிறகுதான் கம்பி உயரத்துக்குப் போக வேண்டும். ரிலீஃப் மாறினால் உயரமும் மாறும், அதனால் வரிசை முக்கியம். கேப்போவைக் கழற்றிவிட்டு 17ஆவது ஃப்ரெட்டில் அளவு ஸ்கேலை (ரூலரை) நிறுத்துங்கள். ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது நடுத்தரக் கைக்கு ஏற்ற தொடக்கம். பலமாக மீட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். சாடிலின் இரு ஸ்க்ரூக்களையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில் என்று நின்றால் அந்தச் சாடிலே கடகடக்கும், நீங்கள் ஃப்ரெட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். புதுக் கம்பி போட்ட கையோடு சாடிலுக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு கம்பியையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிடுவதும் நல்லது. கம்பி சாடில் மேல் வில்லாக வளைந்து நின்றால் சுரம் தெளிவாக வராது.

பிக்கப்பையும் ஒரு பார்வை பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. போல இருக்கட்டும். மிக அருகில் இருந்தால் பலமாக மீட்டும்போது கம்பி அதில் போய் "டக்"கென்று மோதும், காந்தமும் கம்பியை இழுத்துச் சுருதியை அலையவிடும்.

எல்லாம் செய்த பிறகும் காதை கிட்டார் மேல் வைத்தால் மட்டும் லேசாக ஓர் உரசல் கேட்கிறது, ஹெட்ஃபோனில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். துளி உரசலும் இல்லாமல் ஆக்க வேண்டும் என்று கம்பியை உயர்த்திக்கொண்டே போனால் விரல்தான் நோகும். மீட்டும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள்: நெக் முடியும் இடத்துக்கு அருகே கம்பியின் வீச்சு அதிகம், பிரிட்ஜ் பக்கம் குறைவு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேராக மீட்டினால் உரசல் போகிறது என்றால் அதில் கைக்கும் பங்கு உண்டு.

கருப்புவயர்:

4க்கு பதில். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதுன்னா எர்த் வயர் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். பிரிட்ஜுக்கு அடியிலேர்ந்து ஒரு வயர் உள்ள போகுது. நீங்க கம்பியைத் தொட்டதும் உங்க உடம்பும் எர்த்தோட சேர்ந்துருது, காத்துல இருக்கிற மின் இரைச்சலை உடம்பு வாங்கிக் கொடுக்கிறது நிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல.

சிங்கிள் காயில் தனியா இருந்தா இரையத்தான் செய்யும். ஆனா ஜாஸ் வகையில பெரும்பாலும் ஒரு பிக்கப்போட காயிலும் காந்தமும் இன்னொண்ணுக்கு எதிரா இருக்கும். ரெண்டு வால்யூமையும் முழுசாத் திறந்தா இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். எதையாவது ஒண்ணைக் கொஞ்சம் இறக்கினாலும் திரும்ப வரும். முதல்ல இதைப் பண்ணிப் பாருங்க. அப்புறம் கிட்டாரோட உட்கார்ந்த இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. லேப்டாப் சார்ஜர், டிம்மர் லைட், ஆம்ப்போட ட்ரான்ஸ்ஃபார்மர் எதுக்காவது முகம் கொடுத்திருந்தா ஒரு கோணத்துல ஏறும், ஒரு கோணத்துல இறங்கும்.

ஒரு வேடிக்கை: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற நாடுகள்ல இந்த இரைச்சல் 50லயும் 100லயும் இருக்கும். ஈ கம்பி 3ஆவது ஃப்ரெட் 49, ஓப்பன் ஜி 98. அதனால ஜி கம்பிதான் நிக்காம ஒலிக்குதுன்னு காது ஏமாறும். ரெண்டு கையாலயும் எல்லாக் கம்பியையும் அமுக்குங்க. அப்பவும் கேட்டா அது கம்பி இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம். கேபிளை ஆட்டினா "கரக் கரக்"னா ஜாக்கோட நட் தளர்ந்திருக்கும், இல்லேன்னா கேபிள் போச்சு. வேற கேபிள் போட்டாத் தெரிஞ்சிரும். ஆனா கம்பியைத் தொடும்போது இரைச்சல் *கூடினா*, இல்ல விரல்ல சுருக்குன்னா, உடனே ஆம்ப்பை அணைச்சுட்டு ப்ளக்கைப் பிடுங்குங்க. அது கிட்டார் பிரச்சினை இல்லாம சுவர் பிளக்கோட எர்த் பிரச்சினையா இருக்கலாம், எலக்ட்ரீஷியன் பார்க்கணும்.

கீழ்ஸ்தாயி:

எல்லாருக்கும் நன்றி. பண்ணிப் பார்த்தது:

சாக்ஸ் கட்டினதும் "ஊம்ம்" சுத்தமாப் போச்சு, "ணங்" ரொம்பக் குறைஞ்சுது. ஈ கம்பி 3, 4ஆவது ஃப்ரெட்ல "கிர்ர்" மட்டும் அப்படியே இருந்துச்சு. 8ஆவது ஃப்ரெட்ல ஒரு தாள்கூட நுழையல. கால் சுற்று தளர்த்தி, சுருதி சேர்த்து, மறுநாள் அளந்தேன். இப்போ ரெண்டு தாள் சுலபமாப் போகுது, மூணாவது தாள் கம்பியை லேசாத் தூக்குது. பலமா மீட்டினா மட்டும்தான் "கிர்ர்". 17ஆவது ஃப்ரெட்ல ஈ 2.2 மி.மீ. இருக்கு. ரெண்டு வால்யூமையும் முழுசா வச்சா இரைச்சல் பாதிக்கு மேல காணோம்.

புதுசா ஒண்ணு கவனிச்சேன். டி கம்பி 5ஆவது ஃப்ரெட்ல மட்டும் "ஜ்ர்ர்"னு தகரச் சத்தம். 4லயும் 6லயும் இல்ல. சாக்ஸ் இருந்தாலும் வருது. ஹெட்ஃபோன்ல லேசாத்தான் கேட்குது, நேர்ல நல்லாக் கேட்குது. 6ஆவது ஃப்ரெட் உயர்ந்திருக்குமோ?

எட்டாம்ஃப்ரெட்:

ரிலீஃப் இப்போது 0.2க்கும் 0.3க்கும் நடுவே இருக்கிறது. பலமாக மீட்டினால்தான் உரசுகிறது என்பதால் ராடை இனி விட்டுவிடலாம். ஈ கம்பியின் சாடிலை மட்டும் 2.4 மி.மீ. வரும் வரை உயர்த்துங்கள், இரு ஸ்க்ரூவையும் சமமாக. உயரம் மாறியதும் இன்டொனேஷனையும் சரிபாருங்கள்: ஓப்பன் ஈ, 12ஆவது ஃப்ரெட் அழுத்திய ஈ இரண்டும் ட்யூனரில் ஒத்துப்போக வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி ஏறி வந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கி வந்தால் முன்னுக்கு.

அடுத்து "ஜ்ர்ர்". ஃப்ரெட்டில் கை வைக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: சத்தம் இடத்தோடு ஒட்டியிருக்கிறதா, சுரத்தோடு ஒட்டியிருக்கிறதா? டி கம்பி 5ஆவது ஃப்ரெட் என்பது 98 ஹெர்ட்ஸ் ஜி. அதே சுரம் ஏ கம்பியில் 10ஆவது ஃப்ரெட்டிலும், ஈ கம்பியில் 15ஆவது ஃப்ரெட்டிலும், ஓப்பன் ஜி கம்பியிலும் இருக்கிறது. சாக்ஸைக் கழற்றிவிட்டு நான்கையும் வாசியுங்கள். டி கம்பியில் மட்டும் வந்தால் உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம், 6ஆவது ஃப்ரெட்டைப் பார்க்க வேண்டும். நான்கிலும் வந்தால் ஃப்ரெட்டுக்குச் சம்பந்தமில்லை. எங்கோ தளர்ந்து கிடக்கும் ஒரு பாகத்தின் இயல்பதிர்வு 98க்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அது ஆடுகிறது.

கீழ்ஸ்தாயி:

நாலுலயும் வருது! ஓப்பன் ஜி-யிலதான் ரொம்பத் தெளிவா.

எட்டாம்ஃப்ரெட்:

நல்லது, ஃப்ரெட் தப்பியது. ஓப்பன் ஜி-யில் வருவது வசதியும்கூட, இடது கை சும்மா இருக்கும். வலது கையால் ஜி-யை மீட்டிக்கொண்டே இடது கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான்.

ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியில்) தொடங்குங்கள். முதலில் நட்டுக்கும் ட்யூனருக்கும் இடையே உள்ள கம்பித் துண்டுகளை உள்ளங்கையால் மூடுங்கள். அவையும் தனியாக ஒலிக்கும், அவற்றால்தான் என்றால் நடுவே ஒரு துணிப்பட்டையைக் கோத்துவிட்டால் முடிந்தது. பிறகு ட்யூனர்கள்: முன்பக்கம் துளையைச் சுற்றியிருக்கும் வளையம், சிலவற்றில் அது திருகு நட்டாகவே இருக்கும், பின்பக்கம் நான்கு சின்ன ஸ்க்ரூக்கள், திருகும் சாவியின் நடு ஸ்க்ரூ. மரம் சுருங்கும்போது இவை தானாகத் தளரும். விரலால் உணரும் அளவுக்கு இறுக்கினால் போதும், மரத்தில் இறங்கும் ஸ்க்ரூவை மாய்ந்து இறுக்கினால் துளை பெரிதாகிவிடும். கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயையும் விட்டுவிடாதீர்கள்.

அங்கே இல்லையென்றால் பிரிட்ஜ். நீங்கள் கம்பியை மாற்றியிருப்பதால் எனக்கு இங்கேதான் சந்தேகம். கம்பி இறுக்கம் குறைந்ததும் சாடிலைக் கீழே அழுத்தும் விசையும் குறையும், அதுவரை அசையாமல் நின்ற உயர ஸ்க்ரூ ஒன்று இப்போது மரையில் தொளதொளக்கலாம். ஒவ்வொரு சாடிலையும் விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். உயர ஸ்க்ரூதான் என்றால் அதை வெளியே எடுத்து, மரையில் நிறமில்லாத நக பாலிஷ் ஒரு சொட்டு தடவி, காய்ந்த பின் பழைய உயரத்துக்கே திருப்புங்கள். பிறகு தேவைப்படும்போது திருப்பவும் முடியும், தானாகவும் ஆடாது. சாடிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்ப்ரிங் ஆடினால் அதற்குள் சிறு ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைத் திணியுங்கள் (பஞ்சுமெத்தைக்கு மகிழ்ச்சியாக இருக்கும்).

மிச்சம் இருப்பவை பிக்கப் ஸ்க்ரூக்கள், வால்யூம் குமிழ்கள், கன்ட்ரோல் தகடு, ஸ்ட்ராப் பட்டன், ட்ரஸ் ராட் வாய்க்கு மூடி இருந்தால் அதன் ஸ்க்ரூ. பிக்கப்பை விரலால் அழுத்தியதும் நின்றால், அடியில் அதைத் தாங்கும் ஸ்ப்ரிங்கோ ஸ்பாஞ்சோ தளர்ந்து போயிருக்கும். எதைப் பிடித்தாலும் நிற்கவில்லை என்றால், நெக்கின் நடுப்பகுதியில் பின்புறம் காதை ஒட்டிவைத்துக் கேளுங்கள். தளர்த்திய ராட் உள்ளே தொட்டும் தொடாமலும் கிடந்தால் சத்தம் அங்கிருந்து வரும். அப்படியானால் ராடை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் வலப்பக்கம் திருப்பி, ரிலீஃபை மறுபடி தாள் வைத்து அளங்கள்.

கீழ்ஸ்தாயி:

ஜி சாடிலோட உயர ஸ்க்ரூ, ட்ரெபிள் பக்கம் இருக்கிறது. விரல் வச்சதும் நின்னுது. அந்த ஸ்க்ரூ அடியையே தொடல, சாடில் ஒரு கால்லதான் நின்னுட்டு இருந்துச்சு.

எட்டாம்ஃப்ரெட்:

அந்த ஸ்க்ரூ அடித்தகட்டைத் தொடும் வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் கொடுங்கள். பிறகு இரண்டு ஸ்க்ரூவையும் சேர்த்துத் திருப்பி, 17ஆவது ஃப்ரெட்டில் ஜி கம்பி 2 மி.மீ.க்கு வருகிறதா என்று பாருங்கள். மற்ற மூன்று சாடில்களின் கால்களையும் இதே கையோடு சோதித்துவிடுங்கள்.